கேஸில் கிளம்பாத ஜெனரேட்டர்

அன்புள்ள சாலமியாளுக்கு,

ஒரகடத்திலிருந்து அருள்நாதன் எழுதுவது. கர்த்தர் கிருபையில் சுகம், எடைகூட ஏறியிருக்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது? கட்டு அவிழ்த்ததும் இதை நீயே படி, வேறு யாரையும் வாசிக்கச் சொல்லாதே.

ஆபரேஷனுக்கு முன் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போனேன். இங்கே இரண்டு நாள் கரண்ட் இல்லை, போன் அணைந்துவிட்டது. மெஸ் வாசலில் ஒரு ஜெனரேட்டர் உண்டு. சமையலறைக் குழாயில் வரும் கேஸிலேயே ஓடும். அன்று பார்த்துக் கிளம்பவில்லை. இந்த வட்டாரத்தில் எஞ்சின் என்றால் என்னைத்தானே கூப்பிடுவார்கள்? பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், ஆயில் பார்த்தேன், நூறு தடவை கயிற்றை இழுத்தேன். நாலு இன்ஜினியர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள்.

மெஸ் நடத்தும் கங்கா வந்து, “இன்னா மாமா, செவுத்துல கேஸ மூடி வச்சிகினு இழுத்தா அது எப்டி கெளம்பும்?” என்றாள்.

மூடியது நான்தான். காலையில் மெஸ் அடுப்பில் டீ போட்டதும் கை தானாக மூடியிருக்கிறது. இருபது வருஷமாக “கேஸ அடைச்சாச்சா?” என்று நீ கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். திறந்ததும் நாலாவது இழுப்பில் ஓடியது. போனுக்கு உயிர் வந்தபோது உன்னை உள்ளே கூட்டிப்போயிருந்தார்கள்.

உன் பழைய கண்ணாடி இனி வேண்டாம் அல்லவா? இதைக் கொண்டுவரும் வில்சன் இங்கே திரும்பும்போது அவனிடம் கொடுத்தனுப்பு. எனக்குக் கழுகுப் பார்வைதான். சும்மா பெட்டியில் கிடக்கட்டும்.

அறையில் எட்டுப் பேர் இருந்தும், ஷிப்ட் மாறுவதால் நான் விழித்திருக்கும்போது மற்றவர்கள் தூங்குகிறார்கள். போனில் பேசும்போதெல்லாம் கேஸை அடைத்தேனா என்று கேள். இங்கே கேட்க ஆளில்லை.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உன்,
அருள்நாதன்