செல்வம் சொன்ன நம்பர்

14.7, திங்கள்

காலையிலேயே கொளுத்தும் வெயில். கூலிம் பேக்டரி வேலைக்கு இன்று எனக்கு லீவு. செல்வத்தைக் குளிப்பாட்டினேன். வாங்க வேண்டியவை: பம்பர்ஸ், பவுடர், முதுகுப் புண்ணுக்கு மருந்து.

கணவர் குமாரின் தம்பி செல்வம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம். எண்களைத் தவிர வேறு பேச்சு வருவதில்லை. “ரெண்டு... ஒம்போது...” தலையில் அடிபட்டதால் அப்படி என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டு மணி அண்ணன் ஓடி வந்தார். “தங்கச்சி, செல்வம் சொன்ன நாலு நம்பரும் நேத்து லாட்டரியில அடிச்சிடுச்சிலா! இது தம்பி இல்ல, சாமி!”

நேற்று வரை அந்த அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எங்கள் வாசலைக் கடப்பார்.

16.7, புதன்

வாசலில் பதினொரு ஜோடி செருப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகள். செல்வம் கழுத்தில் மல்லிகை மாலை. அரிக்கிறது போல, பிய்த்துப் பிய்த்துப் போடுகிறான். எல்லோர் கையிலும் பேனா.

அவன் உடம்பு சுட்டது. “ஏங்க, கிளினிக் போவோம்” என்றேன்.

“இன்னிக்கு நம்பர் குலுக்குற நாளுலா, வாணி. நாளைக்குப் பாப்போம்” என்றார் குமார்.

நான் மறுபேச்சு பேசவில்லை. ஏன்? நம்பர் அடித்தால் வாங்கலாம் என்று ஒரு வாஷிங் மெஷின் மனதில் ஓடியது. உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும்.

18.7, வெள்ளி

ஜித்ராவிலிருந்து குமாரின் அக்கா பார்வதி. மூன்று வருடத்தில் முதல் தடவை. கையில் ஒரு பெட்டி பம்பர்ஸ்.

“என் தம்பிடா. அம்மா சாவும்போது இவன என் கையிலதான் புடிச்சிக் கொடுத்தாங்க.”

“பீ அள்ளும்போது எங்கக்கா இருந்தே?” என்றார் குமார்.

பீ அள்ளியது நான். அதை யாரும் சொல்லவில்லை. வீல்சேரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நடுவில் செல்வம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிப்பா, அழுகையா? புரியவில்லை.

19.7, சனி

பாசாரில் காய்கறி வாங்கி வருவதற்குள் செல்வத்தைக் காணோம். கட்டிலில் ஈரத் துண்டு மட்டும். அக்கா காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஜித்ரா போய்விட்டார். போன் எடுக்கவில்லை. குமார் மணி அண்ணனின் காரில் துரத்திக்கொண்டு போனார்.

வீடு சுத்தமாக இருந்தது. நிம்மதியா, வெறிச்சா? இரண்டும்.

20.7, ஞாயிறு

மதியம் குமார் செல்வத்தோடு வந்தார். அக்காவும் பின்னாலேயே. பின்சீட்டில் செல்வம் நெருப்பாகக் கொதித்தான். வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

“இன்னிக்கும் நம்பர் நாளு. ஆஸ்பத்திரிக்குப் போக சாயங்காலம் வரைக்கும் பொறு” என்றார் குமார்.

“ஆமா, கொஞ்ச நேரந்தானே” என்றார் அக்கா. முதல் தடவையாக இருவரும் ஒரே பேச்சு.

நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

21.7, திங்கள்

ஆஸ்பத்திரி. நானும் நர்சும் மட்டும். செல்வம் கண் திறந்து என்னையே பார்த்தான். வாய் அசைந்தது. எண் இல்லை.

அண்ணி என்றானா, தண்ணி என்றானா? பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தேன். மூன்றரைக்குப் போய்விட்டான்.

23.7, புதன்

நேற்றே எடுத்துவிட்டோம். பார்வதி அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை என்று சொல்ல மனம் வரவில்லை.

காலையில் குமார் அடுப்படிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, “கடைசியா உன்கிட்ட என்னமோ சொன்னானாமே, நர்ஸ் சொன்னுச்சு. என்ன நம்பர்?”

வாயில் வந்த நாலு எண்ணைச் சொன்னேன். ஏன் சொன்னேன்? போகட்டும் என்றா? திட்ட வாய் வராமலா? அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அடுத்த நிமிடம் மோட்டார் கிளம்பும் சத்தம்.

அந்த நம்பர் அடிக்கக் கூடாது. அடித்துவிட்டால்?