மூடாத திருகு

கீவ், 1997

மார்ச் 4, செவ்வாய்

இல்லை, பொய் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றா?

நான் கண்டது இது: சர்க்கரை நோய் வந்த எலியின் வலி நரம்பு செல், தூண்டுதல் எதுவும் இல்லாமலே, தன் உள்கிடங்கிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் பட்டால் ஒளிரும் சாயம் ஏற்றிய செல் நுண்ணோக்கியின் கீழ் மினுங்குகிறது. தொடாமலே வலிப்பது இதனால்தான் என்று கட்டுரையும் எழுதியாயிற்று.

இன்று, இறுக்கி மூடிய காஃபின் குழாயின் வாயில் ஒரு துளி. காஃபின் கசக்கும்; அது பட்டால் நல்ல செல்லின் கிடங்கும் திறந்துவிடும். காலையில் நல்ல எலியின் செல்லை வைத்து, கடைசியில் காஃபின் விட்டுச் சோதிப்பேன். மதியம் அதே குழாய்களில் நோயுற்ற எலியின் செல். காஃபின் குழாயை அடைக்கும் திருகு, ஒருமுறை திறந்தால் அதன்பின் சரியாக மூடுவதில்லை. அதாவது, மதியம் மட்டும், நோயுற்ற செல்லின் மேல் மட்டும் கசிகிறது.

விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். வெறும் உப்புநீராக இருக்கக் கூடாதா.

கசந்தது.

மார்ச் 7, வெள்ளி

நாளை மகளிர் தினம். பேராசிரியர் ஒஸ்தாப் லெவ்கொவிச் எங்களுக்கு மிமோசாப் பூ கொண்டுவந்தார். கேக் வெட்டும்போது சொலோமியாவைக் கிண்டலுக்குப் பிடித்துக்கொண்டார். என் சோதனையை வேறு மேசையில், வேறு கருவியில் திரும்பச் செய்து பார்ப்பது அவள் வேலை. அவள் செல்கள் மினுங்கவே இல்லை.

"உன் கை பட்டாலே செல்லு செத்துப்போகுதேம்மா. பேசாம நூலகத்துக்குப் போயிடறியா? புத்தகம் சாகாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் — சிரித்தேனே!

மார்ச் 11, செவ்வாய்

முட்டைக்கோஸ் வைத்த பன் இரண்டை என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள் சொலோமியா.

"யாரினா, வெள்ளிக்குள்ள ஒரு செல்லாவது மினுங்கலைன்னா என்னை இங்கிருந்து அனுப்பிடுவார். நீ எப்படிப் பண்றேன்னு பக்கத்துல உக்காந்து பாக்கட்டுமாடீ?"

என்ன சொல்லியிருக்க வேண்டும்? "உக்காரு" என்றேன்.

மதியம். திருகை மாற்றவில்லை. செல் மினுங்கியது.

"ஐயோ, எவ்வளவு அழகு! அப்ப என் கைதான் கோணல்."

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல கைகள். என் கைகளைவிட நிதானமானவை.

மார்ச் 12

சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் ஆயிற்றா? ஏதாவது செய்யேன்டீ, யாரினா.

மார்ச் 13, வியாழன்

காலையில், காஃபின் திருகைத் திறக்கும் முன்பே, நோயுற்ற எலியின் செல்லை வைத்தேன். சொலோமியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். செல் இருண்டே கிடந்தது. பிறகு குழாய் வாயைச் செல்லிலிருந்து விலக்கி, திருகைத் திறந்து மூடி, திரும்ப வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மினுங்கத் தொடங்கியது. குழாய் வாயில் தொங்கிய துளியை அவள் விரலில் விட்டேன்.

நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"பூ குடுத்தாரே, அதுக்கு முன்னாடியே."

"அப்ப, கேக்கைத் தின்னுக்கிட்டே சிரிச்சியே?"

"தெரிஞ்சுதான்."

"முந்தாநாள் என்னை இங்க உக்காத்தி வச்சதும் தெரிஞ்சுதானா?"

தலையாட்டினேன்.

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். என்னைப் பார்க்கவில்லை.

திருகைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒஸ்தாப் லெவ்கொவிச்சின் அறைக்குப் போனேன்.