இலாகா இல்லாத மந்திரி

2004 வைகாசி, சனி

டெல்லியில் புது மந்திரிசபை பதவியேற்றது. ஆரணியில் காற்றே இல்லை. போளூரிலிருந்து வந்த அம்மாள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். டெல்லி சமாசாரம் டெல்லியோடு. எனக்கு உறைப்பது அந்த அம்மாள்தான்.

நடந்தது இது. நம் கடைக் கல்லாவில் மருமகள். அந்த அம்மாள், "ரயில்வே ஒண்ணு எட்த்துக் காட்டும்மா."

மருமகள் மரியாதையாகத்தான், "ரயிலுக்கு நீங்க போளூர் போகணும்ங்க."

"போளூர்லேர்ந்துதாம்மா வரேன்! பஸ்ல நின்னுகினு வந்தவள போளூருக்கே போவ சொல்றியே!"

நான் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் செருப்பு மாட்டிப் போயே விட்டாள்.

மருமகள் மேல் தப்பில்லை. சென்னைப் பெண், தையில்தான் வந்தாள். கம்ப்யூட்டர் போட்டு, புடவை டிசைனுக்கெல்லாம் நம்பர் கொடுத்தாள். ரயில்வே இப்போது நூற்றுப் பதினான்கு.

பேர்கள் என் வீட்டுக்காரி சரசு வைத்தவை. தொண்ணூறுகளில் ஆட்சி விழும், எழும். கடை ரேடியோவில் எந்நேரமும் மந்திரிகள் பட்டியல். கேட்டபடியே புடவை மடிப்பாள். தண்டவாளம் போல இரட்டைக் கோட்டு பார்டர், ரயில்வே. உடம்பெல்லாம் காசு காசாகப் புட்டா போட்டது, நிதி. கதிர் போட்டது விவசாயம். பறக்கிற அன்னம், வெளியுறவு. பார்டரும் புட்டாவும் இல்லாத வெறும் பட்டு, இலாகா இல்லாத மந்திரி. அதை யாரும் வாங்க மாட்டார்கள், அவளே கட்டிக்கொள்வாள். கலசப்பாக்கத்திலிருந்துகூட "நிதி மூணு, விவசாயம் ரெண்டு" என்று ஆர்டர் வரும். கடை முழுக்கச் சிரிப்பு. இப்போது ஃபேன் சத்தம் மட்டும்.

நம்பர் வந்த மறுநாளிலிருந்து சரசு கடைக்கு வருவதில்லை. முட்டி வலியாம். மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிப்பதில்லை.

ஞாயிறு

வெக்கை. கடை லீவு. ஜரிகை விலை ஏறும் என்கிறார்கள். எந்த மந்திரியைக் கேட்பது? இலாகாவே இன்னும் பிரிக்கவில்லை.

சரசுவிடம் போளூர்க் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"இன்னா கலர் கேட்டாங்க?"

"கேக்கறதுக்குள்ள போய்ட்டாங்க."

"சின்ன பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருப்பாங்க. பெரியவளுக்கு மாம்பழக் கலர் ரயில்வே நம்மகிட்டதான் எட்த்தாங்க."

"நாளைக்குக் கடைக்கு வாயேன்."

"எதுக்கு, நம்பர் எண்ணவா?"

"பேஜார் பண்ணாத சரசு."

"பேஜார்னா உட்டுருங்க." எழுந்து போய்விட்டாள். ராத்திரி ரசத்தில் உப்பில்லை.

திங்கள்

தூறல். பேப்பரில் இலாகா வந்துவிட்டது. மருமகள் பேப்பரோடு போய் சரசு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சட்டை போடுவது போல நின்றேன்.

"அத்தை, நம்ம கடையில எது ரயில்வே, எது நிதி? சொல்லுங்க, நம்பர் பக்கத்துலயே ஏத்திடறேன்."

"பேப்பர மடிச்சு வைம்மா. மந்திரி மாறுவாங்க, நம்ம ரயில்வே மாறாது."

"அப்போ உனக்கு எந்த இலாகா?" என்றேன் நான்.

"எதுவும் வாணாம். எல்லாத்துலயும் தலையிடுவேன்." அப்போதுதான் சிரித்தாள்.

பேசி முடித்தது: காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை சரசு கடையில். பேர் அவளுடையது, நம்பர் மருமகளுடையது. ரேடியோ திரும்ப வரும். போளூர் அம்மாள் வீடு சரசுவுக்குத் தெரியும், மாம்பழ ரயில்வேயை நானே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பஸ்ஸில். நின்றுகொண்டு.