கல்யாணமும் வேணும், பென்ஷனும் வேணும்

என் உயிரான தனம் அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்கிற செய்தி இல்லை இது. உங்கள் சரசுவுக்குக் கல்யாணம்! வர்ற தை மாசம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில். மாப்பிள்ளை யார் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், தெரியும். அவரேதான். ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போடுகிற மாணிக்கம்.

கை வெந்துபோய் நம்ம கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் கட்டுப்போட்டீர்கள், நான் பக்கத்தில் மருந்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காயம் ஆறிய பிறகும் மனுஷன் வாராவாரம் வந்து கையை நீட்டினார். "கைதான் ஆறிடுச்சே தம்பி, வேற எங்க வலிக்குது?" என்று நீங்கள் கேட்டதும் வார்டே சிரித்தது.

ஆனால் கல்யாணப் பேச்சு வந்தபோது தடுத்ததும் நீங்கள்தான். சர்க்கார் நர்ஸ் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டாக வேண்டும், பென்ஷனும் போச்சு. சட்டம் அப்படி. "சின்ன வயசுலேர்ந்து அடுத்தவங்க ரத்தத்தையும் வாந்தியையும் துடைச்சிருக்கே. அந்தப் பென்ஷன் நீ சம்பாதிச்ச சொத்துடி. உடம்பு முடியாதவங்களுக்கு முன்கூட்டியே ஓய்வு குடுக்க வழி இருக்கு. அதுல போனா பென்ஷன் உண்டு. கொஞ்சம் பொறு," என்றீர்கள். "நான் காத்திருக்கேன் அக்கா," என்றார் அவர். அதையும் உங்களைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை!

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். பென்ஷன் கொடுக்கவேண்டிய சர்க்காரே ஊரை விட்டு ஓடிவிட்டது. "இனிமே எந்தப் பென்ஷனுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறது? அடுத்த முகூர்த்தத்துலயே தாலி கட்டச் சொல்லு," என்று நீங்களே மாற்றிப் பேசினீர்கள். அந்த முகூர்த்தம் வருவதற்குள், காட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் அவரை என்ஜினோடு சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சயாமுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்று அந்த நாளில் யார் சொன்னார்கள்? நீங்கள் ஒருத்திதான் "வருவான்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். மலேரியாவில் நீங்கள் படுத்தபோது நம் ஆஸ்பத்திரியிலேயே கொய்னா மாத்திரை இல்லை. காய்ச்சலில் பிதற்றும்போதும் "மாணிக்கம் வந்தானா?" என்றுதான் கேட்டீர்கள். வந்துவிட்டார் என்று சொன்னேன். நம்பித்தான் கண்ணை மூடினீர்களா அக்கா?

இப்போது நிஜமாகவே வந்துவிட்டார். வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு ஒரு மத்தியானம், வார்டு வாசலில் "மிஸி" என்று ஒரு குரல். நர்ஸ்களை எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவார்கள்? யாரோ நோயாளி என்று நினைத்தேன். எலும்பும் தோலுமாக, தலையெல்லாம் நரைத்து ஓர் ஆள். "எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"அதைத்தான் தனம் அக்கா முன்னாடியே கேட்டாங்களே," என்றார்.

கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் மேட்ரன் ஓடி வந்தார். நான் அழுகிறேன், சிரிக்கிறேன், அவருக்கு ஒன்றுமே புரியவில்லை.

ரயில்வேயில் பழைய வேலையையும் பிரிக்பீல்ட்ஸில் வீட்டையும் அவருக்குத் திரும்பக் கொடுத்தார்கள். உடனே என்னிடம், "நீ வேலையை விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு வா. பென்ஷன் போனா போகுது. நான் உயிரோட வந்ததே போதும்," என்றார்.

"எனக்குப் போதாது. கல்யாணமும் வேணும், பென்ஷனும் வேணும்," என்றேன்.

"தனம் அக்கா எங்கயும் போகலை லா, உனக்குள்ளதான் இருக்காங்க," என்று அவர் சிரித்தார்.

சண்டைக் காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு படியில் விழுந்தேனே, அந்த முழங்கால் அன்றோடு சரி. இப்போது நொண்டித்தான் நடக்கிறேன். முன்கூட்டியே ஓய்வு கேட்டு மனுப் போட்டேன். கோலாலம்பூருக்கு வரச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு வயதான வெள்ளைக்கார டாக்டர், பக்கத்தில் எழுத்து வேலைக்கு நம்மாள் ஒரு கிராணி. டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தால் இருப்பாயா?" என்றார்.

"வார்டில் உட்கார்ந்து செய்யும் வேலை எது என்று காட்டுங்கள், இருக்கிறேன்," என்றேன். சிரித்துவிட்டார்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் பின்னால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டால்? மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "ஓய்வு கொடுத்த பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டால் பென்ஷன் நிற்குமா?"

டாக்டர் கிராணியைப் பார்த்தார். கிராணி சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தடை. ஓய்வு வாங்கினவர்கள் கல்யாணம் செய்யக்கூடாது என்று எங்கேயும் இல்லை. அப்படிச் செய்வார்கள் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது," என்றார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இந்தக் கால் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆகாது. கல்யாணத்துக்கு ஆகுமா என்பதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டார் அக்கா! பென்ஷனோடு ஓய்வு!

வெளியே மரத்தடியில் மாப்பிள்ளை நின்றிருந்தார். நான் ஓடினேன். "ஓடாதே, ஓடாதே! கால் சரியாயிடுச்சுன்னு உள்ள கூப்பிட்டு ரத்து பண்ணிடப் போறாங்க!" என்று கத்தினார். கிள்ளான் வந்து சேரும்வரை ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஒரே ஒரு குறை. இந்த வழியை எனக்குக் காட்டிவிட்டு நீங்கள் வேலையிலேயே போய்விட்டீர்கள். ஒரு நாளாவது ஓய்வு என்று படுத்தீர்களா? அதனால் உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் என்ஜின்கள் ஊதும், தெருவே எழுந்து வேலைக்கு ஓடும். நான் எழுந்திருக்கமாட்டேன். முகத்தில் வெயில் அடிக்கிறவரை தூங்குவேன். எனக்கு முதலில், அப்புறம் உங்களுக்கும் சேர்த்து.

கூடப் பிறக்காவிட்டாலும் என்றைக்கும் உங்கள் தங்கச்சி,
சரசு