உறையைப் பிடித்திருந்த கை

9-2-1972

மாசி மகத்துக்கு எங்கள் பீங்கான் பட்டறை ஆட்கள் போடும் நாடகத்தில் இந்த வருஷமும் நான்தான் ராஜா. தகரக் கத்தி வேண்டாம் என்று அடம் பிடித்தேன். களிமண் லாரி ஓட்டும் கலியமூர்த்தி அண்ணனிடம் ஜப்பான் கத்தி இருக்கிறது, அவர் அப்பா பர்மாவிலிருந்து கொண்டுவந்தது. நிஜக் கத்தி! கேட்டேன், கொடுத்துவிட்டார்.

கொடுக்கும் முன் பெரிய பாடம். "கூர் மேல பாத்தாப்ல இடுப்புல சொருவிக்க. இடது கட்டை வெரலால இந்த வட்டத் தகட்ட நெம்பு, இறுக்கம் வுட்டுடும். அப்புறமா மொல்ல உருவு. கூர் உரசுனா உறை மரத்தயே அறுத்துடும். கூர் பக்கம் வெரல வைக்காத. வேற ஆளு கையில குடுத்துட்டு இழுக்கவே கூடாது."

சரிண்ணே, சரிண்ணே என்றேன். காதில் எங்கே ஏறியது?

17-2-72

தகரக் கத்தியோடு ஒத்திகை. அண்ணன் சொன்னபடி உருவினால் இடுப்பில் எதையோ தேடுகிறவன் மாதிரி இருக்கிறது. மந்திரியாக வரும் ஜெயராஜ் மண்டியிட்டுக் கத்தியை நீட்டட்டும், நான் சட்டென்று உருவுகிறேன் என்றேன்.

"அது ஆவாதுன்னு அண்ணன் சொன்னாராமேடா?" என்றான் ஜெயராஜ்.

"ராஜா நீயா, நானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

1-3-72

எழுத முடியவில்லை.

2-3-72

மேடையில் ஜெயராஜ் உறையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நீட்டினான். இழுத்தேன், வரவில்லை. தகட்டை நெம்ப வேண்டும் என்று ஞாபகமே இல்லை. முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ரோஷம் வந்து வெறி பிடித்தவன் போல் இழுத்தேன். கத்தி உறையைப் பிளந்துகொண்டு வந்தது. ஜெயராஜின் இடது கை விரல்கள் அந்தப் பக்கம்தான் இருந்தன.

கூட்டம் ரத்தத்தைச் சாயம் என்று நினைத்துக் கைதட்டியது. நான் என்ன செய்தேன்? கத்தியைத் தூக்கிக்கொண்டு வசனத்தைப் பேசி முடித்தேன். முழுசாக. சீ! நானெல்லாம் ஒரு மனுஷனா?

6-3-72

ஆஸ்பத்திரியில் ஜெயராஜின் பெண்சாதி அமிர்தம் என்னிடம் சொன்னது: "அவருதான் கை வழுக்கி, கூர் பக்கம் வெரல வெச்சிட்டாராம். நீங்க சாப்புடாம கெடக்குறீங்களாமே, வூட்டுக்குப் போங்கண்ணே."

அப்படிச் சொல்லி வைத்திருக்கிறான். நானும் வாய் திறக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

9-4-72

கத்தியைத் திருப்பித் தரப் போனேன். கலியமூர்த்தி அண்ணன் திட்டவில்லை. பிளந்த உறைக்கு நூல் சுற்றி என் கையில் கொடுத்தார். "உருவு."

கூர் மேலே. கட்டை விரலால் ஒரு நெம்பு. சத்தமே இல்லாமல் வந்தது.

"வருதுல்ல?" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரோட்டில் நடக்கும்போது அழுகை வந்தது.

22-5-72

ஜெயராஜுக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. ஊறுகாய் ஜாடி வனைய இடது கை உள்ளே நின்று சுவரைத் தூக்க வேண்டும். முடியவில்லை. மேஸ்திரி அவனை ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார். அவன் சக்கரம் இனி எனக்காம். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

3-7-72

இன்றும் அவனைப் பார்த்ததும் சூளைப் பக்கம் ஒளிந்துகொண்டேன்.

19-2-73

இந்த வருஷம் வேஷமே வேண்டாம் என்றிருந்தேன். வீடு தேடி வந்து இழுத்துப் போனவன் ஜெயராஜ்தான். அவன் மந்திரி, நான் ராஜா. அதே கட்டம்.

மண்டியிட்டு இரண்டு கையாலும் கத்தியை நீட்டினான். இரண்டு விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன. பிடியில் கை வைத்தேன். இழுக்க வரவில்லை. வசனமும் மறந்தது. கூட்டத்தில் விசில்.

தலையைத் தூக்காமல் எனக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னான்: "இழுடா. மரக் கத்திதான்."