கறுப்புப் பாவும் வெள்ளெலிகளும்

செப்டம்பர் 3, 1973

வெள்ளெலிகளுக்குப் பொட்டுக்கடலை போடுகிற வேலை இந்த வாரமும் எனக்குத்தான். கங்கையம்மாள் டீச்சர் மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தவை. எல்லாம் ஆண். சயின்ஸ் ரூமில் ஜன்னலோரம் ஒரு கூண்டு, பீரோவுக்குப் பின்னால் ஒரு கூண்டு. ஜன்னல் கூண்டில் ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது. டீச்சரிடம் சொல்லவில்லை. பயம்.

செப்டம்பர் 6

இன்னொன்றுக்கு வாலில் கடி, ரத்தம். போன மாதம் ஒரே குவியலாகப் படுத்துத் தூங்கினவை, இப்போது கட்டிப் புரண்டு கடித்துக்கொள்கின்றன. கூடப் படிக்கிற பெரியநாயகி வகுப்பில் எல்லார் எதிரிலும், "இவதான் டீச்சர், குச்சி வுட்டு நோண்டிக்கினே இருக்கா" என்றாள். நான் நோண்டவே இல்லை. ஆனால் வாய் வரவில்லை. டீச்சர் என்னையே பார்த்தார். "இன்னொண்ணு கடிபட்டா உங்கப்பாவைக் கூப்பிட்டுப் பேசுவேன்" என்றார்.

அப்பாவைக் கூப்பிட்டால் முடிந்தது. ஆடியிலேயே சொல்லிவிட்டார்: "ஸ்கூல்லேர்ந்து ஒரு புகார் வரட்டும், அன்னிக்கே தறியில குந்த வச்சிடுவேன்."

செப்டம்பர் 7

தூக்கம் வரவில்லை. தீபாவளிக்குள் கொடுக்கவேண்டிய சேலைகள், கறுப்புப் பாவு — தறியில் நீளவாக்கில் கட்டும் இழை எல்லாம் கறுப்பு. கறுப்பில் இழை அறுந்தால் குண்டு பல்பில் தெரியாதாம். அதற்காக அப்பா டியூப் லைட் மாட்டி, அவரும் வீரபத்திரன் மாமாவும் மாற்றி மாற்றி விடிய விடிய நெய்கிறார்கள். அந்த வெளிச்சத்தில்தான், போர்வையை லேசாகத் தூக்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். நூல் சரியாகச் சுற்றவில்லை என்று அப்பா கத்துகிறார். மாமா விடவில்லை: "நூலு நல்லாத்தான் இருக்குது. உன் கண்ணுதான் பூத்துப்போச்சு." அம்மா, "ரெண்டு பேரும் தெருவை எழுப்பிடாதீங்க" என்றாள். முன்பெல்லாம் இவர்கள் சண்டை போட்டதே இல்லை.

செப்டம்பர் 10

செத்துப்போச்சு. காது கிழிஞ்சது இல்ல, வேற ஒண்ணு. வயித்துல கடி. பேப்பர்ல சுத்தி வேப்பமரத்தடியில பொதைச்சிட்டேன். டீச்சர் இன்னிக்கு லீவு. நல்லவேளையா, கெட்டவேளையா?

செப்டம்பர் 12

நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் வாசலில் நின்றேன். சந்துக்கு எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் மையிருட்டாக இருந்தது. கரண்ட் வந்ததும் எங்கள் டியூப் லைட் நேரே போய் சயின்ஸ் ரூம் ஜன்னலில் விழுந்தது. உள்ளே கூண்டுக் கம்பி பளபளத்தது.

அப்படியே நின்றுவிட்டேன். அதுகளுக்கு இத்தனை நாளாக ராத்திரியே வரவில்லையா? பீரோவுக்குப் பின்னால் இருக்கிற கூண்டுக்கு இருட்டு இருக்கிறது. அதே கடலை, அதே தண்ணீர் — அங்கே ஒரு கீறல்கூட இல்லை. வெளிச்சம் கடிக்கவைக்குமா? விளக்கைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தானே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 13

கூண்டுகளை இடம் மாற்றி வைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நான் நினைத்தது சரியாக இருந்தால், சாதுவானவற்றை நானே சண்டைக்கு அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 15

எலிகளிடம் மாற்றம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18

நடந்துவிட்டது. ஜன்னலோரம் வந்த சாது எலிகள் பின்காலில் நின்று பல்லைக் காட்டுகின்றன. பீரோவுக்குப் பின்னால், காது கிழிந்தது வால் கடிபட்டதன் முதுகில் தலை வைத்துத் தூங்குகிறது. தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது காதில் விழவில்லை. வரதர் கோயிலில் திரை விலகும்போது நெஞ்சில் ஒன்று வருமே, அது வந்தது. எலிக்கூண்டின் முன்னால். தப்பா? கோபம் அவரவர் உள்ளேயே இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது எங்கள் தறி விளக்கிலிருந்து சந்து தாண்டி, ஜன்னல் வழியாக வந்திருக்கிறது.

இரண்டு கூண்டையும் இருட்டுப் பக்கம் இழுத்தேன். இழுக்கும்போதே பின்னால் டீச்சர் குரல்: "யாருடி கூண்டை மாத்தினது?" எல்லாம் சொல்லிவிட்டேன், செத்ததையும் புதைத்ததையும். டீச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாளைக்கு உங்கப்பாவை வரச்சொல்லு" என்றார். அவ்வளவுதான். நான் தொலைஞ்சேன்.

செப்டம்பர் 19

அப்பா வந்தார். வேட்டியில் கறுப்புப் பட்டிழை ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் அவரைக் கூண்டுக்கு முன்னால் நிற்கவைத்து, நடந்ததை என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். குரல் எங்கிருந்து வந்ததோ.

"ராத்திரி லைட்டு எப்பலேர்ந்து எரியுதுங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆவணி பொறந்ததிலேர்ந்துமா. எலி கடிச்சிக்கினதுக்கு என் லைட்டா காரணம்?"

"அப்படித்தான் தோணுது. இன்னும் சிலமுறை செஞ்சு பார்த்தாத்தான் சொல்லமுடியும். இதைக் கண்டது உங்க பொண்ணு."

அப்பா குந்திக்கொண்டு வெகுநேரம் எலிகளைப் பார்த்தார். கிழிந்த காதைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

இது புகாரா, இல்லையா? அப்பாவுக்கு எப்படிப் பட்டிருக்கும்?

செப்டம்பர் 20

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மாமா தறியில் உட்காரப் போனார். "காலைல பாத்துக்கலாம். போய்ப் படு வீரா" என்று அப்பா டியூப் லைட்டை அணைத்துவிட்டார். வீடு முழுக்க இருட்டு. மாமா உடனே குறட்டை விட ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல்.

"குழலி, தூங்கிட்டியா?"

"இல்லப்பா."

"லைட்டாலதான் கோவம் வருதுன்னு அந்த எலிங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலப்பா."

தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"காலைல போறப்ப டீச்சர்கிட்ட கேட்டுக்கினு வா."