வளையலில் கிடந்த ஊக்கு

போடி
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஈஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், இதை எப்படி வைக்கிறாய் என்று பார்க்கிறேன். நல்ல சேதி இருக்கிறது, வரிசையாகத்தான் சொல்வேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நம் வீட்டுச் சாமான்களிலேயே ரொம்ப நல்லாச் செய்தது எது என்று போன வாரம் கேட்டாயே, பாத்திரக் கம்பெனியில் புதுச் சாமான்களுக்குப் படம் வரைகிற உனக்கு அது வேலை, எனக்கு நாள் முழுக்க அதே யோசனை. உன் அப்பா சைக்கிள் என்றார், மாதாமாதம் அதைக் கடையில் படுக்கப் போடுகிற மனுசன். உன் தங்கச்சி சுகன்யா தூக்குச்சட்டி என்றாள், மலைக்கு வேலைக்குப் போகிற ஜீப்பு என்ன குலுக்குக் குலுக்கினாலும் ரசம் சிந்தாது, மூடியே தட்டாகிவிடும் என்று. அதுவும் சரிதான். ஆனால் என் பதில் ஊக்கு. சிரிக்காதே. ஒரே கம்பி, அதில் ஒரு சுருள், முனைக்கு ஒரு தொப்பி, அவ்வளவுதான். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம். குத்துகிற சாமான்தான், மூடிவிட்டால் யாரையும் ஒன்றும் செய்யாது. பாவாடைக்கு நாடா கோக்க, காலில் ஏறிய முள்ளை எடுக்க, அறுந்த செருப்பு வாரைப் பிடிக்க, மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாளைக் கழுத்தில் நிறுத்த, எல்லாவற்றுக்கும் அதுதான். கண்டுபிடித்தவன் எவனோ, அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கட்டும். என் வளையலில் கொத்தாகக் கிடப்பதைப் பார்த்து இரும்புக்கடை என்று கேலி பண்ணுவாயே, அந்தக் கடைதான் இப்போது உன் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

உன் அத்தை பொன்னுமணியும் நானும் பேசாமல் இருந்தது உனக்குத் தெரிந்ததுதான். பங்குனிப் பொங்கலுக்கு அவள் இரவல் வாங்கிப்போன என் இட்லிக் கொப்பரை வேறு மூடியோடு திரும்பி வந்தது. ஆவியெல்லாம் பக்கவாட்டில் போய் இட்லி வேகவே இல்லை. கேட்டதற்கு, இதுதான் உன் மூடி என்று சாதித்தாள். நான் ஒன்று சொல்ல அவள் நாலு சொல்ல, அத்தோடு அவள் ஊர் சிலமலைக்கும் நமக்கும் போக்குவரத்து நின்றது. நீயோ, இடுப்பில் தூக்கி வளர்த்த அத்தை வராமல் தாலி கட்டமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாய். தை மாதக் கல்யாணத்துக்கு இன்னும் பத்திரிகை அடிக்கவில்லையே என்று பெண் வீட்டார் போன் மேல் போன், உன் அப்பா மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். நானாகப் போய்ப் பேசுவதா என்று எனக்கு வீம்பு, அவளுக்கு என்னை மிஞ்சிய வீம்பு.

இந்தப் புதன்கிழமை ஏலக்காய் எடுக்க மலைக்குப் போன ஜீப்பில் அவளும் ஏறினாள். அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. தோட்டத்தில் பார்த்தால் அடுத்த வரிசையும் அவளுக்கே விழுந்தது. ஏலக்காய் செடியின் தூரில் தரையோடு தரையாகக் காய்ப்பது உனக்குத் தெரியும், குனிந்து குனிந்து எடுத்து இடுப்பில் கட்டிய மடியில் போட்டுக்கொண்டே போகணும். மடி நிறைந்த நேரம் பார்த்து அவள் மடிக்கயிறு அறுந்துவிட்டது. ஒரு கையால் காயை அமுக்கிக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறாள், கீழே ஒரே சகதி. எனக்கு மனசு கேட்கவில்லை. வளையலில் இருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நீட்டினேன். வாங்காமல் தரையைக் காட்டுகிறாள். ஊசி, ஊக்கைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் பக்கம் கீழே வைத்துத்தானே எடுப்போம், ஆனால் அந்தச் சருகில் வைத்தால் யார் தேடுவது? கீழ வையி மதினி, கையில வாங்குனா சண்டை வந்துரும் என்றாள். பங்குனிக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு! நமக்குள்ள இனிமே வர்றதுக்கு என்னடி சண்டை பாக்கி இருக்கு, பிடி வெரசா என்றேன். கூட வேலை பார்க்கிற சூர்யகலா சிரித்த சிரிப்பில் சகதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்னுமணியும் குலுங்கிச் சிரிக்க, மடியில் இருந்த காயில் பாதி கொட்டிவிட்டது. அவள் ஊக்கைக் கையிலேயே வாங்கி மடியைக் குத்திக்கொள்ள, ரெண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கும்போதே, மருமகனுக்கு என்னைக்கு முகூர்த்தம், எனக்குச் சொல்ல மாட்டியா மதினி என்று கேட்டாள். கையில் இருந்த காயை அவள் மடியில் போட்டேன். நீ வராம முகூர்த்தமே இல்லடி என்றேன்.

நேற்று மூடியோடு வந்து நின்றாள், அவள் ஓரகத்தி வீட்டு அடுப்படியில் கிடந்ததாம். கொப்பரையில் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. இட்லி அவித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று, அத்தை பேர் முதலில் இருக்கிறது. இனி உனக்கு ஒரு சாக்கும் கிடையாது, இன்றைக்கே டிக்கெட் போடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட நேரத்தில் காப்பி குடிக்காதே. மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

மறந்துவிடாதே, இந்தத் தாள்களைச் சேர்த்துக் குத்தியிருப்பது அதே ஊக்குதான். அத்தை நேற்று அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். நீயும் கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவந்து என் கையிலேயே கொடு. சண்டை வந்தால் வரட்டும், பக்கத்தில் இருந்து போடலாம்.

உன் அம்மா
மாயக்காள்